எங்கள் வட்டியில் வளர்ந்த நாடு

நாடு வளரட்டும், ஆஸ்பத்திரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே முக்கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டீர்கள். நாடு வளர்ந்துவிட்டது. உலகின் முதல் ஐந்து பொருளாதாரங்களில் ஒன்று என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்கள். அந்த வளர்ச்சி விகிதம் தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு எரிகிறது. அதற்குள் என் தாலிக்கொடி கிடக்கிறது. என் மாமியாரின் தோடு கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போன நான்கு விசைத்தறிகள் கிடக்கின்றன. என் மகன் பாதியில் விட்ட டிப்ளமோ கிடக்கிறது. இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நூல் மண்டியில் கணக்கு எழுதி வயிறு வளர்ப்பவள் நான். ஒரு பேரேட்டில் விட்டுப்போன தொகை இன்னொருவர் பேரேட்டில் கட்டாயம் ஏறியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். தன் மக்களின் உடம்புக்குச் செலவழித்திருக்க வேண்டிய பணத்தை இந்த நாடு தன் பேரேட்டில் எழுதாமல் விட்டது. அது எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஏறியது. கடனாக ஏறியது, வட்டியோடு ஏறியது.

காவிரிக் கரையில் தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய பட்டறையில் நான்கு தறி போட்டுக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது ஒரு இலவச முகாமில் தெரியவந்தது. தினம் ஒரு மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க, மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் காலை நேரத்தில்தான் சீட்டுக் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கி வந்தால் அரை நாள் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலித் தறிக்காரருக்கு மாசச் சம்பளம் கிடையாது, உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறை என்பதால் ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. கையில் காசிருந்த மாசம் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டார். பாவு வராமல் தறி நின்ற மாசம் விட்டுவிட்டார். ரத்தக்கொதிப்பு வலிக்காது. வலித்திருந்தால் கடன் வாங்கியாவது போட்டிருப்பார்.

2019ஆம் ஆண்டு, ஒரு ராத்திரி ஷிப்டில், அறுந்த இழையை முடிபோடக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் பொத்தென்று விழுந்தது. பக்கத்து அரசு மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர் ஓடிவந்து பார்த்தார். நல்ல பிள்ளை. "அக்கா, பக்கவாதம் மாதிரி தெரியுதுங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாத்தான் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடியும். நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ராத்திரில இங்க ஸ்கேன் எடுக்க ஆள் இல்லீங்க" என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. இயந்திரம் இருந்தது. அதை இயக்கும் ஆளை ராத்திரிக்குப் போடவில்லை. அந்த ஒரு பணியிடத்தை நிரப்பாமல் அரசு மிச்சம் பிடித்த சம்பளம் மாதத்துக்கு எவ்வளவு இருக்கும்? அந்த மிச்சத்துக்கு என் குடும்பம் கொடுத்த விலையை எந்த நிதி அதிகாரியாவது ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறாரா?

அங்கிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய தனியார் மருத்துவமனையின் கவுண்டரில் என் கொழுந்தனார் நின்றார். கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அண்ணா, டெபாசிட் கட்டினாத்தான் ஃபைல் ஓப்பன் ஆகும்ங்க" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள். கொழுந்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணி, நீங்க அண்ணன்கிட்ட இருங்க. நான் பணத்துக்குப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் போனார். மனுசனின் மூளை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தம்பி ஊரில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். 

காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்கு அப்போது வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாதம் 6,000. அதற்கு மேல் ஒரு குடும்பம் சம்பாதித்தால் அது ஏழைக் குடும்பமில்லை என்று ஒரு காகிதம் தீர்மானித்திருந்தது. என் சம்பளமும் தறிக் கூலியும் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. பிறகு வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். அதுவும் மாதம் 10,000தான். இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சொந்தப் பணத்தில் காப்பீடு எடுக்கும் வசதிக்கு ரொம்பக் கீழே, நடுவில் எத்தனை பேர் நிற்கிறோம் என்பது தெரியாததா உங்களுக்கு? நிதி ஆயோக்கே 2021 அக்டோபரில் எழுதியது: நாட்டில் குறைந்தது 40 கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. எழுதிவிட்டு அது சொன்ன வழி என்ன தெரியுமா? அந்த 40 கோடிப் பேரும் தாங்களே பிரீமியம் கட்டிக் காப்பீடு வாங்கும்படி செய்யலாம் என்பது. பிரீமியம் கட்டப் பணமிருந்தால் நாங்கள் மாத்திரையை ஏன் விட்டிருப்போம்?

2024இல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு என்று அறிவித்தார்கள். பெரியவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. என் வீட்டுக்காரர் விழுந்தது 46 வயதில். உழைக்கிற வயதில் விழுகிறவரைத் தூக்கிவிட்டால்தானே குடும்பமும் எழும்?

டிஸ்சார்ஜ் பில் பல பக்கம் இருந்தது. கணக்கெழுதிப் பழகிய கண், ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கையுறை, சிரிஞ்சு, பஞ்சு, அண்டர்பேடு, மறுபடியும் கையுறை. ஒரு மனிதருக்கு ஒரே நாளில் போட்டிருந்த கையுறைகளை எங்கள் மண்டியில் வேலை செய்கிற எல்லோருக்கும் கொடுத்தாலும் மீதியிருக்கும். 'இதர செலவுகள்' என்று ஒரு வரி, அதற்கு நேரே ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை, விவரம் எதுவும் இல்லை. எங்கள் மண்டியில் இப்படி ஒரு வரி எழுதினால் முதலாளி நோட்டைத் தூக்கி எறிவார். கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தாங்க" என்றார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் என்பதுதானே என் புகாரே! 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை போட்டது. லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரே நாளில் 30,000 ரூபாய்க்குள் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. மருத்துவமனைகள் மூடவில்லை. மனசு வைத்தால் ஒரே ஆணையில் முடிகிற காரியம் என்று காட்டிவிட்டு, மற்ற பொருள்களில் ஏன் எங்களைக் கைவிட்டீர்கள்?

2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், பிரசவம் நீங்கலாக ஒரு முறை அரசு மருத்துவமனையில் படுத்தெழ நாட்டின் சராசரிச் செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. ராத்திரியில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லாத ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் ஒரு குடும்பத்தை இந்த ஏழு மடங்குக்குள் தள்ளிவிடுகிறது. எங்களுக்கு ஆனது அந்தச் சராசரியையெல்லாம் எங்கோ தாண்டியது. மூளை வீக்கத்துக்கு அறுவை, ஐ.சி.யூ., பிசியோதெரபி என்று எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல் போனது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். முதலில் நகை. தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். மீட்க முடியாமல் ஏலத்தில் மூழ்கியது. பிறகு வாராவாரம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து வசூலிக்கும் குழுக் கடன். கடைசியில் மூன்று லட்சம் வட்டிக்காரரிடம், நூற்றுக்கு மூணு வட்டி. மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும். அன்றைக்கு என் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இந்த இடத்தில் நிதித்துறையில் உட்கார்ந்திருக்கும் படித்தவர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். சுகாதாரத்துக்கு அதிகம் ஒதுக்கினால் நிதிப் பற்றாக்குறை கூடும், அரசு கூடுதலாகக் கடன் வாங்க வேண்டிவரும் என்கிறீர்கள். 2019இல் இந்திய அரசு பத்து வருஷத்துக்குக் கடன் வாங்கினால் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 7 சதவீதத்தை ஒட்டி. அதே மூன்று லட்சத்தை அரசு வாங்கியிருந்தால் மாதத்துக்கு 1,750 ரூபாய் வட்டி. நான் வாங்கியதால் 9,000. கடன் இல்லாமல் போய்விடவில்லை, ஐயா. நாட்டிலேயே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் அரசு தன் தோளிலிருந்து அதை இறக்கி, நாட்டிலேயே அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் ஒரு பெண்ணின் தலையில் வைத்தது. உங்கள் பற்றாக்குறை குறைந்தது என்று கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் மெச்சுகின்றன. என் வீட்டுப் பற்றாக்குறைக்கு எந்த நிறுவனம் மதிப்பெண் போடும்?

என் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கை மத்திய அரசே வெளியிட்டிருக்கிறது. அந்த ஆண்டு இந்தியா மருத்துவத்துக்குச் செலவழித்தது மொத்தம் 9,04,461 கோடி ரூபாய், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.83 சதவீதம். அதில் அரசுகள், மத்தியும் மாநிலங்களும் சேர்த்து, போட்டது உற்பத்தியில் 1.84 சதவீதம். கொரோனா காலம், தடுப்பூசிச் செலவெல்லாம் சேர்ந்தே இவ்வளவு. மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது 3,56,254 கோடி ரூபாய், மொத்தச் செலவில் 39.4 சதவீதம். 2013-14இல் இந்தப் பங்கு 64.2 சதவீதமாக இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது என்று பெருமைப்படுகிறீர்கள். குறைந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தான் செலவழிக்க வேண்டியது என்று அரசு தன் வாயால் ஒப்புக்கொண்ட அளவு உற்பத்தியில் 2.5 சதவீதம். 1.84 போக மீதி 0.66 சதவீதத்தை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். அந்த ஓராண்டில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் வருகிறது. மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்ததில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது. நீங்கள் விட்ட தொகை எங்கே ஏறியது என்று இதற்கு மேலும் நான் சொல்ல வேண்டுமா?

வாக்குக் கொடுக்காதவர்கள் மேல் கோபப்பட முடியாது. நீங்கள் கொடுத்தீர்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தீர்கள். வெள்ளைக்காரன் போகும் முன்பே, 1946இல், ஜோசப் போர் குழு அறிக்கை கொடுத்தது: பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று. 2001இல் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் ஒன்று, மக்கள் நலத்தில் போடும் முதலீடுதான் ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு வழி என்று சொன்னது. வளர்ந்தால்தான் நலம் என்ற பழைய வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிய அறிக்கை அது. ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையிலான அந்த ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர் மன்மோகன் சிங். 2002 தேசிய சுகாதாரக் கொள்கை, 2010க்குள் அரசின் செலவு உற்பத்தியில் 2 சதவீதம் என்றது. 2004இல் மன்மோகன் சிங்கே பிரதமரானார். அவர் அரசின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் 2 முதல் 3 சதவீதம் என்றது. 2005இல் பொருளாதாரத்துக்கும் சுகாதாரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த தேசிய ஆணையம் அறிக்கை தந்தது. அதன் இணைத் தலைவர்கள் இருவரும் தமிழர்கள்: நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரமும் சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாசும். பணப்பெட்டிச் சாவியும் ஆஸ்பத்திரிச் சாவியும் நம்மவர்கள் கையில் ஒரே நேரத்தில் இருந்தன! அந்த ஆட்சி முடியும்போது, 2013-14இல், அரசின் சுகாதாரச் செலவு உற்பத்தியில் 1.15 சதவீதம்.

கட்சி மாறியது. கொள்கை மறுபடியும் எழுதப்பட்டது. 2015 தேசிய சுகாதாரக் கொள்கைக்கான வரைவு, மருத்துவச் செலவால் ஆண்டுதோறும் 6 கோடியே 30 லட்சம் பேர் வறுமைக்குள் விழுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. 2017 கொள்கை, 2025க்குள் 2.5 சதவீதம் என்றது. பதினைந்தாவது நிதிக் குழுவும் அதையே சொல்லி, மாநிலங்கள் 2022க்குள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2021 ஜனவரியில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது: அரசின் செலவு 2.5 முதல் 3 சதவீதமானால், மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 65 சதவீதத்திலிருந்து 30 சதவீத அளவுக்கு இறங்கும். ஆக, காரணம் தெரியும், மருந்து தெரியும், அளவும் தெரியும். எல்லாம் தெரிந்தே எங்களைக் கைவிட்டிருக்கிறீர்கள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

முதலில் வளர வேண்டும் என்பவர்கள் மற்ற நாடுகளைப் பார்க்கட்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, கடனில் மூழ்கி, ரொட்டிக்குக்கூட ரேஷன் போட்டிருந்த பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று எல்லோருக்கும் இலவச மருத்துவத்தைத் தொடங்கியது. 1997இல் தாய்லாந்தின் பணம் சரிந்து நாடே ஆடிப்போனது. ஐந்து வருஷம் கழித்து, 2002இல், எல்லாக் குடிமக்களுக்கும் மருத்துவப் பாதுகாப்பைச் சட்டமாக்கினார்கள். ஒரு முறை பார்க்க 30 பாட் கட்டினால் போதும் என்று ஆரம்பித்த திட்டம் அது. இன்று அங்கே மக்கள் கையிலிருந்து போவது மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பக்கத்திலிருக்கும் இலங்கை 1950களின் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை எடுத்துவிட்டது. இவர்களெல்லாம் பணக்காரர்களான பிறகு மனசு வைத்தவர்களா? பணத்தை அள்ளிக் கொட்டினால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்கா தன் உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. அங்கேயும் ஆஸ்பத்திரிக் கடனில் குடும்பங்கள் முழுகுகின்றன. யார் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளி கவுண்டரில் நிற்கும்போது கேட்பதா, நல்லாயிருக்கும்போது வரியாக வாங்குவதா?

வரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தனியார் கடையில் அவருக்கு வாங்கிய மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டினேன். அது 5 சதவீதமானது 2025 செப்டம்பரில்தான். பேச்சு வராத மனிதருக்கு வாங்கிய மாத்திரைக்கு நான் கட்டிய வரியும் உங்கள் வரி வருவாய் உயர்வில் சேர்ந்திருக்கிறது. அந்த மாதம் வசூல் சாதனை என்று செய்தி வந்திருக்கும்.

நான் மருத்துவமனைக்குக் கட்டிய ஏழு லட்சமும் சேவைத் துறையின் வளர்ச்சியாக நாட்டுக் கணக்கில் ஏறியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் என்ன குறைந்தது என்பதையும் நான் சொல்கிறேன். நான்கு தறி நின்றது. எங்களிடம் தறி ஓட்டிய இரண்டு பேருக்கு வேலை போனது. அதில் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய், அந்தக் கடனுக்குக் கட்டுண்டு இன்னும் அங்கேயே கிடக்கிறார். என் மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். நான் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே நின்றுவிட்டு நூல் மில்லுக்குப் போனான். சான்றிதழ் வாங்கி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தால் இன்று அவன் சம்பளம் என்ன, கட்டியிருக்கும் வரி என்ன, வாங்கியிருக்கும் வண்டி என்ன? கடைசியாகத் தறிகளை இரும்புக்காரர் எடைக்கு எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த தறியைச் சுத்தியலால் உடைத்துத் துண்டுதுண்டாக லாரியில் ஏற்றியபோது, கட்டிலில் கிடந்த மனிதர் சத்தத்தைக் கேட்டுவிட்டு இடது கையால் காதை மூடிக்கொண்டார். பொருளாதார வளர்ச்சி என்று பேசுகிற ஒவ்வொருவரையும் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்காரவைக்க ஆசைப்படுகிறேன்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் என்ற தறி ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கினார்கள் என்ற புகார். அரசு விசாரணை வைத்தது, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குற்றவாளிகளைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் அந்த மக்களை அந்தத் தரகன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது கடன். தறித் தெருக்களில் கடனுக்குக் காரணம் கேட்டால் கல்யாணம், வீடு, பிள்ளை படிப்பு என்று பல பதில் வரும். ஆஸ்பத்திரி என்ற பதில் வராத தெரு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நம் மாநிலம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக, நேரடியாக, தரம் பார்த்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. வெளி மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. இப்போது ஒரு பெண் எங்கள் வீட்டுப் படியேறி வந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாள். "மாமா, இந்த மாசம் நல்லாக் குறைஞ்சிருக்குதுங்க" என்று சொல்லி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள் போன பிறகு நான் உள்ளே போய் அழுவேன். மொத்தக் கொள்முதலில் ஒரு ரூபாய்கூட ஆகாத மாத்திரை அது. அது இப்படி வீடு தேடிச் சில வருஷம் முன்னால் வந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்று தறியில் நிற்பார். ஏழு லட்சம் மிஞ்சியிருக்கும்.

ஆகவேதான் காப்பீடு, காப்பீடு என்று மட்டும் நீங்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மத்திய அரசின் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு, விழுந்த பிறகு படுக்கைக்குக் கொடுக்கும். விழாமல் இருக்க வேண்டிய மாத்திரைக்குக் கொடுக்காது. புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்ப்பதும், சோதனை எடுப்பதும், மாசாமாசம் மருந்து வாங்குவதும்தான் எங்கள் கையைக் கரைக்கிற செலவு. காப்பீட்டுப் பணம் பெரும்பங்கு தனியாருக்குப் போகிறது. அதே பணத்தில் ராத்திரி ஸ்கேனுக்கு ஆள் போட்டிருந்தால் தலைமுறைக்கும் நின்றிருக்கும். சீர்திருத்தம் என்றால் தொழிலதிபர்களுக்கு வரியைக் குறைப்பது மட்டும்தானா? ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சாயங்காலமும் ராத்திரியும் திறந்துவைத்தால், தறி ஓட்டுகிறவர் கூலி போகாமல் வந்து மாத்திரை வாங்குவார். அது சீர்திருத்தமில்லையா?

சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று டெல்லி கை காட்டும். வரிப் பணத்தில் எங்கள் பங்கைத் தரவில்லை என்று சென்னை கை காட்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் வழக்கை நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் விழுந்தது இரண்டு பேர் எல்லைக்கும் உள்ளேதான்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் எந்த அரசு மருத்துவமனையிலும் ராத்திரி பகல் எந்நேரமும் ஸ்கேனும் ஊசியும் ஆளும் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கேட்காமல் உள்ளே விட வேண்டும். தனியார் மருத்துவமனை பில்லில் விவரம் இல்லாத ஒரு வரிகூடச் செல்லாது என்று சட்டம் வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும். வைத்தியத்துக்காக வாங்கிய கடனுக்கு, அரசு தான் கடன் வாங்கும் வட்டியிலேயே எங்களுக்கும் வங்கியில் மாற்றுக் கடன் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்டால், நீங்களே எழுதிய 2.5 சதவீதத்தில் இருக்கிறது.

எனக்கு வட்டி கட்டும் தேதி ஒவ்வொரு மாதமும் ஐந்து. ஒரு மாதமும் தவறவிட முடியாது; ஆறாம் தேதி காலையில் வாசலில் ஆள் நிற்பார். நீங்கள் 2010 என்றீர்கள், போய்விட்டது. 2025 என்றீர்கள், அதுவும் போய்விட்டது. அடுத்த தேதி எது, அந்தத் தேதியில் நாங்கள் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பது, அதைச் சொல்லுங்கள்.